சுதாவோட வெரலு

இங்க சிங்கப்பூர்ல ரயில் ஏறணும்னா கையில டிக்கெட்டு வேணாம். ஸ்டேஷன் வாசல்ல இடுப்பு ஒயரத்துக்கு ரெண்டு கதவு. பக்கத்துல கையகலத்துக்கு ஒரு கறுப்புப் பலக. போன அதுங்கிட்ட காட்டுனா டிங்குனு ஒரு சத்தம், கதவு தொறந்துக்கும். மேல படக்கூட வேணாம், கிட்ட கொண்டுபோனாப் போதும். எல்லாரும் நடந்துகினே கைய மட்டும் லேசா ஆட்டிட்டுப் போறாங்க, கோயில் யானைக்கு வாழப்பழம் காட்டுற மாதிரி. நான் மொத தடவ போனப்போ இன்னா பண்ணேன் தெரியுமா? வலது கையில போன வெச்சிகினு, எடது கைய அந்தப் பக்கமா அணையக் குடுத்து, ரெண்டு கையையும் மொள்ள மொள்ளக் கிட்ட கொண்டுவந்து, கடசில அந்தப் பலகயப் பொத்துனேன். செவப்பு லைட்டு எரிஞ்சிச்சி. மறுபடி அதே மாதிரி பொத்துனேன். மறுபடி செவப்பு. பின்னாடி வரிச கட்டிட்டாங்க. ஸ்டேஷன்ல வேல செய்யற ஒரு மலாய்க்காரர் வந்து சிரிச்சாரு. "சிஸ்டர், வொய் யூ ஹைட்? நோபடி ஸ்டீல் லா"ன்னாரு. போன எவனாச்சும் புடுங்கிடுவான்னு பயந்துதான் கையால மறைக்கிறேன்னு நெனச்சிட்டாரு பாவம். நானும் தலய ஆட்டிட்டேன். அவருகிட்ட எறா புடிக்கிற கதய எந்த இங்கிலீசுல சொல்றது?

எங்க ஊரு பழவேற்காடு ஏரிக்கரயில, சுண்ணாம்புக்குளம் போற பக்கம். எங்க ஊட்ல வலயும் கெடையாது, படகும் கெடையாது. ஏரித் தண்ணியில எறங்கிக் குந்திகினு, கழுத்து மட்டும் வெளிய தெரிய நகந்துகினே, அடிச் சேத்தக் கையாலத் தடவித்தான் எறா புடிக்கிறது, நண்டு புடிக்கிறது. ரெண்டு கையும் வேலயா இருக்கும், அதுனால ஓலயில பின்னுன பறியப் பல்லுல கடிச்சிக்கணும். புடிக்கிறத அதுலதான் போடணும். கலங்குன தண்ணியில கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி கொஞ்சம் ஆடுனாலும் எறா துள்ளிப் பூடும். அதுனாலதான் ரெண்டு பக்கத்துல இருந்தும் கைய அணையா வெச்சி, மொள்ள வந்து பொத்தணும். பறியக் கடிச்சிகினே, பல்லத் தொறக்காமயே எங்களத் திட்டுறதுல எங்கம்மா கில்லாடி. "அவசரப்படாதடி. அது வூட்டுக்கு நீ போற. மொள்ளப் போ"ன்னு சொல்லும். நானும் என் தங்கச்சி சுதாவும் அந்தத் தண்ணியிலதான் வளந்தோம். நைனா நாங்க சின்னதா இருக்கச்சொல்லவே பூட்டாரு. எட்டாவதோட எனக்குப் படிப்பும் பூடுச்சி.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, இந்தத் தொடாம வேல செய்யற போனு நம்ம பொழப்புக்கு ஒதவுதா இல்லியான்னு ஊர்ல இருக்கிறவங்களும் கேக்கறாங்க, லீவு நாள்ல இங்க பார்க்குல ஒக்காந்து பேசுற நம்ம பொண்ணுங்களும் கேக்கறாங்க. நான் உண்மயச் சொல்லிடறேன். ஒதவுது. நல்லாவே ஒதவுது. எனக்கு அது மேல வயித்தெரிச்சல். எங்கம்மா உசுரோட இல்ல இப்போ. அதோட போனு ஊர்ல சுதாகிட்ட இருக்கு. அது எனக்கு வேணும்னுதான் போன மாசம் அவகிட்ட சண்ட போட்டேன். அந்தச் சண்டயச் சொல்லாம ஒதவுது ஒதவலன்னு நான் இன்னா சொன்னாலும் அது பாதிதான்.

ஒதவுற கதய மொதல்ல சொல்றேன். ஊர்ல எங்கம்மா ரோட்டோரம் குந்திகினு எறா விக்கும். லீவு நாள்ல மெட்ராஸ்ல இருந்து கார்ல வருவாங்க. அதுல செல பேரு காசக் கையில குடுக்க மாட்டாங்க. கை பட்டுடும்னு மேல இருந்து போடுவாங்க. சில்லற தார்ப்பாய் மேல உருளும், அம்மா எட்டி எட்டிப் பொறுக்கும். பாக்கச்சொல்ல எனக்கு ஒடம்பே கூசும். அப்பறம் சுதா அந்தக் கட்டம் போட்ட அட்டய வாங்கியாந்து தராசு பக்கத்துல நிறுத்துனா, கூடவே காசு வந்துச்சின்னு கத்துற பொட்டி ஒண்ணு. இப்ப யாரு வந்தாலும் தள்ளி நின்னு போனக் காட்டிட்டுப் போறாங்க. எவனும் எவங்கையையும் தொடறதில்ல. அம்மா அதப் பாத்துட்டு எங்கிட்ட போன்ல, "இது மேலுடி. மின்ன எங்கையத்தான் தொட மாட்டானுங்க, இப்ப எவங்கையையும் எவனும் தொடறதில்ல. எல்லாரும் நம்ம ஜாதியாப் பூட்டானுங்க"ன்னு சொல்லிச் சிரிச்சிச்சி. இந்த டெக்னாலஜியப் பத்தி இதுக்கு மேல நல்லதா சொல்ல எனக்குத் தெரியாது.

இங்கயும் அப்படித்தான். கடையில மீன் வெட்டுற சீனக்காரம்மா கையெல்லாம் செதிலு, நான் போனக் காட்டுறேன், ரெண்டு பேரு கையும் அது அது வேலயப் பாக்குது. நான் வேல செய்யற ஊட்ல ஆ மான்னு ஒரு வயசான அம்மா இருக்காங்க. அவங்களக் குளிப்பாட்டுறது, ஊட்டுறது, காலுக்குக் கிரீம் தேச்சி உடறது என் வேல. அவங்க மகளத்தான் நான் மேம்னு கூப்புடுவேன். மேம் கார்லருந்து எறங்குனா போனக் காட்டுறாங்க, கீழ் கதவு தொறக்குது. போனக் காட்டுறாங்க, லிப்ட்டு வருது. மேல வந்து வெரல வெக்கிறாங்க, ஊட்டுக் கதவு தொறக்குது. நேரா வந்து ஆ மா கன்னத்த ரெண்டு கையாலயும் புடிச்சி மூக்கோட மூக்கு தேப்பாங்க. அந்த நேரத்துல நான் பாத்திரம் கழுவப் பூடுவேன். கழுவுறதுக்கு ஒண்ணும் இல்லன்னாலும் பூடுவேன். ஒரு பொம்பளைக்கு அவங்கம்மா கன்னம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. எனக்குப் பொறாமையா இருக்காதா? இருக்கும். நான் இன்னா கல்லா?

அந்த ஊட்டுக் கதவு என்ன நெறைய நாளு வெளிய நிக்க வெச்சிச்சி. சேத்துல தடவித் தடவி, ஆளிச் சிப்பி ஓட்டுல கிழிஞ்சி, நண்டுகிட்ட கடி வாங்கி, எங்க வெரலுல ரேகயே இருக்காது. வழுவழுன்னு சோப்புத் துண்டு மாதிரி இருக்கும். ஊர்ல ரேஷன் கடை மெஷினுல எங்கம்மா வெரலு விழவே விழாது. பொடவையில தொடச்சிப் பாக்கும், தலையில தேச்சி எண்ண தொட்டு வெச்சிப் பாக்கும். கடக்காரரு, "இன்னாம்மா, ரேகய எங்க தொலச்ச?"ன்னு கேப்பாரு. "ஏரியிலதான் கெடக்கு, போயி எடுத்துக்க"ன்னு அம்மா சொல்லும். அதே கைதான எனக்கும். மேம் என் வெரல அந்தக் கதவுல பதிய வெச்சிப் பாத்து, முடியாம, அமுக்குறதுக்கு நம்பரு குடுத்தாங்க. அப்பறம் தெனம் ஆ மாவுக்குக் கிரீம் தேச்சித் தேச்சி என் கையும் பூ மாதிரி ஆயிடுச்சி. ரேக மொளச்சிச்சி. மேம் மறுபடி பதிஞ்சாங்க. ஒரு நாளு காய்கறிப் பைய வெச்சிகினு வெரல வெச்சேன், டிங்குனு கதவு தொறந்துச்சி. வாசல்லயே குதிச்சேன். என்ன ஒரு கதவு அடையாளம் கண்டுக்கிச்சேன்னு அவ்ளோ குஷி எனக்கு.

மொத மொதல்ல கையில கொஞ்சம் காசு சேந்ததும் அம்மாவுக்கு ஒரு நல்ல போனு வாங்கி, ஊருக்குப் போன ஒரு அக்காகிட்ட குடுத்தனுப்புனேன். பெரிய கண்ணாடி, மூஞ்சி தெளிவாத் தெரியும். அப்பறம் நான்தான் தெனம் கூப்புடுவேன். செல நாளு எடுக்கும், செல நாளு ரெண்டு ரிங்குலயே கட்டாயிடும். அதுவா ஒரு நாளும் எனக்குப் பண்ணதில்ல. ஒரு பொறந்த நாளு, ஒரு பொங்கலு, எதுக்கும் பண்ணதில்ல. சுதாகிட்ட பேசச்சொல்ல மட்டும் அவ சாதாரணமா சொல்லுவா, "அம்மா இப்பத்தான் வந்துட்டுப் போச்சி"ன்னு. அவ ஊடு ரெண்டு தெரு தள்ளி. தெனம் ஏரிக்குப் போயிட்டு வந்து, குளிச்சி, பொடவ மாத்தி, அம்மா அவ ஊட்டுக்குப் போவுமாம். எனக்கு இன்னா தோணும்? கிட்ட இருக்கிற பொண்ணு பொண்ணு, தூர இருக்கிறது வெறும் போனு. அப்படித்தான் தோணுச்சி. சுதாவுக்குக் கல்யாணம் ஆச்சி, கொழந்த வந்துச்சி, அம்மாவும் அவளுக்கே. எனக்கு ஆ மா காலு.

அம்மா போன நாளயும் நான் கண்ணாடியிலதான் பாத்தேன். ஏரியில இருந்து வந்து நெஞ்ச வலிக்குதுன்னு ஒக்காந்துச்சாம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஆட்டோவுலயே உசுரு பூடுச்சி. அன்னிக்கே டிக்கெட்டு எடுத்தாலும் மறுநாளுதான் நான் போய்ச் சேருவேன், நம்ம வெயில்ல அது வரைக்கும் வெக்க முடியாதுன்னுட்டாங்க. சுதா ஊட்டுக்காரரு வீடியோ போட்டுப் போனப் புடிச்சிகினு நின்னாரு. பாதி நேரம் ஓட்டுக் கூரதான் தெரிஞ்சிச்சி, பாதி நேரம் அவரு கட்ட வெரலு. நடுவுல நடுவுல அம்மா. சுதா அம்மா தலைக்கு சீக்கா போட்டு அலசுனா. கையில அந்த முடிய அள்ளிப் புழிஞ்சா. வாய்க்கரிசி போடச்சொல்ல அவ ஒரு பிடி போட்டா. அப்பறம் போனப் பாத்து, "இது அக்காவோடது"ன்னு சொல்லி இன்னொரு பிடி போட்டா. எல்லாரும் அழுதாங்க. நானும் அழுதேன். ஆனா எனக்கு உள்ள ஓடுனது இதுதான்: எம் பங்கயும் அவளே போட்டுட்டா. இத வெளிய சொன்னா சிரிப்பீங்க, இல்ல காறித் துப்புவீங்க. ஆனா அதான் ஓடுச்சி.

போன வெச்சிகினு தரையில ஒக்காந்து அழுதுகினு இருக்கேன், ஆ மா தடியூனிகினு வந்து பாத்தாங்க. என் கையில இருக்கிற போனப் பாத்தாங்க. "ஹேண்ட்போன் ஸ்பாயில், ஆ?"ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னேன். "நெவர் மைண்ட். பை நியூ ஒன்"ன்னு சொல்லி முதுகத் தடவிக் குடுத்தாங்க. அந்தத் தடவலுக்காவ நான் அவங்களத் திருத்தல. அன்னிக்கு என்னத் தொட்ட ஒரே கை அது.

கருமாதி எல்லாம் முடிஞ்சி, ஒரு லீவு நாளு மத்தியானம் பார்க்கு பெஞ்சில ஒக்காந்துகினு சுதாவக் கூப்புட்டேன். அவ ரோட்டோரம் அம்மா எடத்துல நண்டு வித்துகினு இருந்தா. பின்னாடி பஸ்சு ஆரனு சத்தம், நடுவுல அந்தப் பொட்டி காசு வந்துச்சி காசு வந்துச்சின்னு கத்துது.

"சுதா, அம்மா போன எனக்கு அனுப்பிடு"ன்னேன்.

"இன்னாத்துக்கு?"

"எனக்கு வேணும். நான் வாங்குனது."

"அய்ய, நீ வாங்குனதுன்னா? நீ வாங்குன மிக்ஸி இருக்கு, நீ வாங்குன பேனு மேல சுத்திகினு இருக்கு. எல்லாத்தயும் கயட்டி மூட்ட கட்டட்டா?"

"நக்கல் உடாதடி. ஒனக்கு எல்லாமே கெடச்சிடுச்சி. ஏரி கெடச்சிச்சி, ஊடு கெடச்சிச்சி, கடசில குளிப்பாட்டக் கூட ஒனக்குத்தான் குடுத்து வெச்சிருந்துச்சி. அந்தப் போன் ஒண்ணாச்சும் எனக்கு இருக்கட்டும்."

"நீ சம்பாரிக்கிற, ஏசில தூங்குற. ஒனக்கு இன்னாக்கா கொறச்சலு?"

எனக்கு வந்துச்சி பாருங்க ஆத்திரம். பக்கத்து பெஞ்சில இருந்த பொண்ணுங்க திரும்பிப் பாக்குற அளவுக்குக் கத்துனேன். "தெனம் ஒன் ஊட்டுக்கு வந்துச்சி இல்ல? எனக்கு ஒரு வாட்டியாச்சும் அதுவா போன் பண்ணுச்சா? ஒரே ஒரு வாட்டி! நான் அதுக்குப் பொண்ணே இல்ல, நீதான் பொண்ணு!"

அந்தப் பக்கம் யாரோ நண்டு வெல கேட்டாங்க. "இருங்கண்ணா"ன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு, கொஞ்சம் தள்ளி வந்திருப்பா போல, பொட்டி சத்தம் கொறஞ்சிச்சி.

"என்னப் பாக்க வந்துச்சின்னு ஒன்னாண்ட யாரு சொன்னா?"ன்னு கேட்டா.

"பின்ன?"

"அந்தப் போனு அம்மா கைக்குத் தொறக்காதுக்கா."

எனக்குப் புரியல. அவளே சொன்னா. காசு வாங்குற ஆப்பு அம்மா போனுலதான் இருந்துச்சி. அதுக்குப் பூட்டு போட்டே ஆவணும்னு போன் கடைக்காரன் சொன்னானாம். அம்மா வெரல ஒண்ணொண்ணா வெச்சிப் பாத்திருக்காங்க, ஒண்ணும் பதியல. சரின்னு புள்ளி புள்ளியா இழுக்குற பூட்டு போட்டாங்க. அம்மா எப்பவும் ஈரக் கையி, வீங்குன கையி, பாதி இழுக்கச்சொல்ல கோடு அறுந்துடும். தப்புத் தப்பா இழுத்து இழுத்து அதுவே மூடிக்கும். "மார்கழி பூரா வாசல் அடைக்கக் கோலம் போடறேன், இந்தச் சனியன் ஒம்பது புள்ளிக்கு என்னத் தெரியலியா"ன்னு போனத் திட்டுமாம். நான் கூப்புட்டா எடுக்கிறதுக்கு இழுப்பாங்களே, அதயும் செல நேரம் எதிர்ப் பக்கம் இழுத்துடும். அதான் ரெண்டு ரிங்குல கட்டானது. நான் நெனச்சேன் அம்மா வேணும்னே கட் பண்ணுதுன்னு.

"அப்பறம் எங்க ஊட்டுக்காரரு என் வெரலப் பதிஞ்சாரு. அதுக்குத்தான் தெனம் வரும். வந்து ஒக்காரக் கூட ஒக்காராது. போன நீட்டி, 'தொறடி'ன்னும். நான் வெரல வெப்பேன். தொறந்ததும் மூலையில போயிக் குந்திகினு ஒன் போட்டோ எல்லாத்தயும் பாக்கும். நீ அந்தக் கெழவியோட கேக் வெட்டுனது, ரயில்ல நிக்கிறது, மஞ்ச கவுனு ஒண்ணு போட்டிருந்தியே அது. திரும்பத் திரும்பப் பாக்கும். கண்ணாடி அணஞ்சிட்டா மறுபடி 'தொறடி'. நான் மாசமா வாந்தி எடுத்துகினு கெடக்கறேன், துண்ணியாடின்னு ஒரு வார்த்த இல்ல. 'தொறடி.' என் ஊட்டுக்கு அது வந்ததே ஒன்னப் பாக்கத்தான். நான் யாருக்கா அங்க? நான் வெறும் சாவி."

"நீயே எனக்கு போன் போட்டுக் குடுத்திருக்கலாமேடி..."

"கேட்டேன். வேணாம்னுடும். 'அவ வேலயா இருப்பா, அந்த வூட்டம்மா ஏதாச்சும் சொல்லுவா, அவளே பண்ணுவா'ன்னும். போனு கைக்குத் தொறக்கலன்னு ஒன்னாண்ட சொல்லவும் உடல. 'ஆசையா வாங்கி அனுப்பிச்சா, மனசு ஒடிஞ்சிடும்'னுச்சி." அப்பறம் மூக்க உறிஞ்சிகினே கேட்டா: "ஒனக்குப் பொறாமயாக்கா? எனக்கு எவ்ளோ இருந்திருக்கும்னு நெனச்சிப் பாத்தியா?"

ரெண்டு பேரும் ஒரே அம்மாவ, மத்தவ தூக்கிகினு பூட்டான்னு நெனச்சிகினு இருந்திருக்கோம். எம் பொறாம அன்னியோட பூடுச்சின்னு சொன்னா அது பொய்யி. அம்மா மூலையில குந்திகினு என் போட்டோவப் பாத்திருக்கு, அந்த மொகத்தயும் சுதாதான பாத்தா. நான் பாக்கலியே. அதுக்கும் சேத்து இப்பப் பொறாமதான். ஆனா அவ வெரலு மேல இருந்த ஆத்திரம் பூடுச்சி. பாவம் அந்த வெரலு.

கடசில அவதான் சொன்னா. "போன அனுப்ப மாட்டேன். சார்ஜ் போட்டு அம்மா போட்டோகிட்ட வெச்சிருக்கேன். ஆனா அதுல இன்னொரு வெரலுக்கு எடம் கீதாம், அவரு பாத்து சொன்னாரு. வேற யாரையும் பதிய உடல. நீ வரச்சொல்ல ஒன்னுத வெச்சிட்டுப் போ."

"இங்கருந்தே பதிய முடியாதா?"ன்னு கேட்டேன். எனக்கே சிரிப்பு வந்துச்சி.

"ஆங், வெரல வெட்டிப் பார்சல் போடு"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டா. நண்டு வாங்க வந்தவரு காத்துகினு நின்னாராம்.

தொடாமயே எல்லாத்தயும் தொறக்கிற ஊருல இருக்கேன். தொட்டாத்தான் தொறப்பேன்னு ஒரு போனு ஊர்ல எனக்காவக் காத்துகினு இருக்கு. லீவு கெடச்சா போவேன். போயி வெரல வெப்பேன், இப்பத்தான் ரேக இருக்கே, பதிஞ்சிடும். ஆனா எனக்கு என்னத் தெரியும். ஊருக்குப் போனா சுதாவோட ஏரியில எறங்காம என்னால இருக்க முடியாது. அம்மா பறி அங்கதான் தொங்குது. எறங்குனா அந்தச் சேறு என் ரேகய வாங்கிக்கும், ஆளி ஓடு கொஞ்சம் வாங்கிக்கும். அப்பறம் அம்மா போனும் என்னத் தெரியாதும்பும், மேம் ஊட்டுக் கதவும் தெரியாதும்பும். எறங்காம கரையிலயே நின்னா ரேக இருக்கும், ஏரிக்கு என்னத் தெரியாமப் பூடும்.

அன்னிக்கு பார்க்குலருந்து திரும்பி வந்து, ஊட்டு வாசல்ல நின்னுகினு வெரல விரிச்சிப் பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் சின்னச் சின்னதா கோடு, தண்ணி எறங்குன பின்னாடி ஏரி மணலு மேல நிக்குமே, அந்த மாதிரி. ஒரு வெரல மட்டும் வெச்சேன். டிங்குனு தொறந்துச்சி. உள்ளருந்து ஆ மா கூப்புட்டாங்க. எடது கைய அந்தப் பக்கமா அணையக் குடுத்து, ரெண்டு கையாலயும் கதவப் புடிச்சிகினு, சத்தம் வராம, மொள்ள, அவங்க ஊட்டுக்குள்ள போனேன்.